தூக்குவதும் இறக்குவதும்

யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் வண்டியை நிறுத்தி ஹார்ன் அடிப்பேன். இறங்க மாட்டேன், இறங்கவும் முடியாது. என்னுடையது பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். என் சக்கர நாற்காலியை மடித்து அதன் பின்னால் கயிறு போட்டுக் கட்டியிருப்பேன். அந்த வீட்டு ஆள் யாராவது வந்து கயிற்றை அவிழ்த்து, நாற்காலியை இறக்கி, விரித்து என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால்தான் எனக்கு உள்ளே போக வழி. "கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போனா என்ன?" என்று கேட்காதவர்கள் இல்லை. கூட்டிக்கொண்டு போனால் என் வேலை கெட்டுவிடும். ஆஸ்பத்திரியில் கொடுத்த நாற்காலியைக் கண்ணில் படாத மூலையில் சாத்தி வைத்திருக்கும் குடும்பம், என்னுடையதையாவது கையால் தொட்டு விரித்தாக வேண்டும். நான் பேச வேண்டியதில் பாதி அங்கேயே பேசி முடிந்துவிடும்.

என் வேலைக்குச் சக ஆலோசகர் என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். முதுகுத்தண்டில் அடிபட்டு நடை போன ஒருத்தி, அதே மாதிரி அடிபட்ட இன்னொருவர் வீட்டுக்குப் போய் அவரோடும் அவர் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவது, அவ்வளவுதான். நான் மக்காச்சோள மூட்டை ஏற்றிய டிராக்டரின் உச்சியில் உட்கார்ந்து வந்து விழுந்தவள். மருந்து மாத்திரை சொல்ல டாக்டர் இருக்கிறார். உட்கார்ந்த இடத்தில் புண் வராமல் உடம்பை எப்படி மாற்றி மாற்றி வைப்பது, கல்யாண வீட்டில் "ஐயோ, இப்படி ஆயிடுச்சே" என்று கன்னத்தைத் தடவ வருகிறவர்களை எப்படி நாலடி தள்ளி நிறுத்துவது, இதெல்லாம் எங்கள் இலாகா. ஏதாவது ஊருக்குள் நுழைந்தால், கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்து யாராவது மனுவோடு ஓடி வருவார். "நான் அவங்க இல்லங்க, சும்மா பேச வந்தவ" என்றால் நம்ப மாட்டார். பேசுவதற்கென்று ஒரு ஆளை இத்தனை தூரம் அனுப்புவார்களா என்று அவருக்குச் சந்தேகம். எனக்கே சில நாள் அந்தச் சந்தேகம் வந்ததுண்டு.

பூலாம்பாடிப் பக்கத்தில் அந்த வீடு. ஆஸ்பத்திரி ஃபிசியோதெரபி அம்மா போனில் சொன்னார்: "நல்ல புருஷன், நல்ல மாமியார். சாப்பாட்டுக்குக் குறைவில்ல. ஆனா அந்தப் பொண்ணுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்து நிக்குது. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. நீங்க ஒரு எட்டு போய்ப் பாருங்க." குரும்பலூரில் என் வீட்டிலிருந்து கிளம்பும்போது வானம் நன்றாகத்தான் இருந்தது. அந்த வாசலில் போய் ஹார்ன் அடித்தபோது கருத்துக்கொண்டு வந்துவிட்டது.

வெளியே வந்தவர் அந்தப் பெண்ணின் கணவர். வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். தோளைப் பார்த்தாலே தெரிந்தது. "வாங்கக்கா, வாங்க" என்று வாயெல்லாம் சிரிப்பாக வந்தவரிடம், பின்னால் இருக்கும் சேரை அவிழ்த்துத் தரச் சொன்னேன். கயிற்றில் கை வைத்தார். அன்றைக்குப் பார்த்து முடிச்சு இறுகிக் கிடந்தது. சொட்டுச் சொட்டாக ஆரம்பித்த மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. அவர் முடிச்சைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு நிமிசம்க்கா" என்றார். அடுத்து நான் அந்தரத்தில் இருந்தேன்.

கத்துவதற்குக்கூட நேரமில்லை. ஒரு கை முதுகுக்கு, ஒரு கை முட்டிக்கு அடியில். வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவருடைய அம்மா போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "அட கிறுக்குப் பயலே! ஆரு பொண்டாட்டியடா தூக்கிட்டு வர்ற?"

"மழை பேயுதும்மா" என்றார் மகன், அது போதாதா என்கிற மாதிரி.

கட்டிலில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் என்னை அலுங்காமல் இறக்கி வைத்தார். அதன்பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. என் சுபாவம் அவருக்குத் தெரியாது, பாவம். "நான் என்ன வெங்காய மூட்டையா? கேக்காமத் தூக்குவியா நீ? ஒரு மனுசிய எங்க வேணா எடுத்து எங்க வேணா வெச்சுரலாமா? நனைஞ்சா என்ன, கரைஞ்சா போயிடுவேன்?" என்று பொரிந்து தள்ளிவிட்டேன். அந்த மனிதர் பேயறைந்த மாதிரி நின்றார். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடுகிற காரியத்தை ஒருத்தி திட்டுகிறாளே என்று அவருக்கு விளங்கவில்லை.

திடீரென்று பக்கத்திலிருந்து சிரிப்பு. முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்து, முடியாமல், கண்ணில் தண்ணீர் வழிய அவள் சிரித்தாள். "உங்களையும் தூக்கிட்டாரா! உங்களையுமா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். மாமியாரும் புருஷனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் கூடத்தின் மூலையில் அந்த வீட்டுச் சக்கர நாற்காலியைக் கவனித்தேன். அது சும்மா கிடக்கவில்லை. மாமியார் அதில் சௌகரியமாகப் போய் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து, சின்ன வெங்காயத்துக்குத் தாள் கிள்ள ஆரம்பித்தார். "தரையில குந்துனா மூட்டு வலிக்குது ஆத்தா. இது உக்கார நல்லாருக்கு. பிரேக்குகூட இருக்கு" என்று எனக்கு அதன் பெருமைகளை எடுத்துச் சொன்னார். எத்தனையோ வீடுகளில் அதில் துணி காய்ந்து பார்த்திருக்கிறேன், உர மூட்டை உட்கார்ந்திருந்து பார்த்திருக்கிறேன். மாமியார் உட்கார்ந்திருந்தது அங்கேதான்.

மழை விட்டதும் கணவர் முடிச்சை அவிழ்த்து, என் நாற்காலியை விரித்து, இரண்டு தடவை மன்னிப்பும் கேட்டுவிட்டு மறுபடியும் மண்டிக்குக் கிளம்பினார். போகும் முன் மனைவியிடம், "எதுனா வேணுமா? பின்னாடி போவணுமா?" என்று கேட்டார். அவள் தலையாட்டவும், ஒரு பூவை எடுக்கிற மாதிரி அவளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். நான் கத்திய கத்தெல்லாம் எனக்கு மட்டும்தான் பொருந்தும் என்று முடிவு செய்திருந்தார் போலிருக்கிறது.

எங்கள் பேச்சுக்கு ஒரு முறை உண்டு. எதைக் கேட்கப் போகிறோமோ அதில் நம்முடையதை முதலில் சொல்லிவிட வேண்டும். வெட்கத்தை முதலில் விடுகிறவள் ஆலோசகராகத்தான் இருக்க வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு தளும்பத் தளும்ப அப்படியே இருந்ததைப் பார்த்துக்கொண்டே, நான் ஒருமுறை சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் வெளியே போக வழியில்லாமல் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டு, மறுநாள் குளிர்காய்ச்சலில் கிடந்த கதையைச் சொன்னேன். ரசம் வேண்டாம், மோர் வேண்டாம், பாயசம் மட்டும் போடுங்க என்று கேட்டதையும் சொன்னேன்.

அவள் சொம்பைப் பார்த்தாள். பிறகு மாமியார் இருக்கும் பக்கம் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்: "அவரு விடியறதுக்கு முன்னாடி போனா, வூட்டுக்கு வர மத்தியானம் ஆயிடும்க்கா. சில நாளு பொழுது சாஞ்சிரும். அவரு வந்தாத்தான் நான் பின்னாடி போவணும். கட்டில்லயே ஏனம் வெச்சுக்கலாம்தான். அத்தைதான் எடுத்து ஊத்தணும். அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எனக்குத்தான் மனசு வரல. அதான் தண்ணிய விட்டுட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. காய்ச்சல் வந்தா உடம்பு பலவீனம்னு ஆப்பிள் வாங்கிட்டு வராரு." அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. இந்தக் காய்ச்சலைக் கொண்டுவருகிற கிருமி சிறுநீரகம் வரை போய் உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அவளிடமும் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் எத்தனை காய்ச்சலை அந்த உடம்பு தாங்கும் என்பதுதான் கேள்வி.

"சேர் வூட்டுலயே இருக்கு. பலகை போட்டுக் கட்டில்லேருந்து நகர்ந்து உக்காரக் கத்துக்கலாம். கொல்லைக்குச் சாய்வா ஒரு தளம் போட்டா நீயே போயிட்டு நீயே வந்துரலாம். நான் சொல்லித் தரேன். இதுல என்ன யோசனை?" என்றேன். எனக்குச் சுலபமாக வருகிற பேச்சு அது.

அவள் வேறு எங்கிருந்தோ ஆரம்பித்தாள். பிறந்த வீடு விக்கிரமங்கலம். அங்கிருந்து வருகிறவர்களெல்லாம் மாப்பிள்ளைக்குக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும் என்கிறார்கள் என்றாள். வண்டிச் சக்கரத்தில் அவள் புடவை மாட்டி விழுந்த அன்று வண்டி ஓட்டியது அவர்தான், அதனால்தான் நாற்காலியைப் பார்த்தாலே அவர் முகம் சுருங்கிப்போகிறது என்றாள். "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப அவ எதுக்கு அதுல உக்காரணும்ங்கறாரு." நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். இதெல்லாம் எல்லா வீட்டிலும் கேட்கிறதுதான். அதன்பிறகு அவள் சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

"அக்கா, அடிபட்டதுலேருந்து அவரு என் பக்கத்துல படுக்கறதில்ல. கையப் புடிச்சுப் பேசறதில்ல. பயம். தூக்கறப்ப மட்டுந்தான் என்னத் தொடறாரு. தோளுலயும் கழுத்துலயும் எனக்கு இன்னும் உணர்ச்சி இருக்கில்ல... அந்த வெங்காய வாசத்தோட அவரு தூக்கறப்ப அது எனக்குத் தெரியும். நான் சேர்ல உக்காந்துட்டா அதுவும் போயிடும்ல?"

சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். தண்ணீரைக் குடிக்கலாமா அல்லது புருஷனின் கையை வைத்துக்கொள்ளலாமா என்று அந்தப் பெண் தனக்குள் கணக்குப் போட்டு, தண்ணீரை விட்டிருக்கிறாள். பலகை, சாய்தளம் என்று நான் அடுக்கியதெல்லாம் அந்தக் கணக்கில் எந்தப் பக்கமும் வரவில்லை.

மறுபடியும் என் முறைதான். என்னுடையதைச் சொன்னேன். நான் அடிபட்டு வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துவிட்டார். "தூக்கத்துல கைகால் பட்டு உனக்கு எதுனா ஆயிடும்" என்று காரணம் வேறு. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் அத்தனை பெரிய மிஷின்களைக் கட்டி மேய்க்கிற ஆளுக்கு என்னைப் பார்த்துப் பயம். கொஞ்ச நாள் நானும் வீம்பாகப் பேசாமல் இருந்தேன். கடைசியில், "நீங்க மேல வரலன்னா நான் உருண்டு கீழ வந்துருவேன். அப்புறம் எலும்பு கிலும்பு உடைஞ்சா நீங்கதான் பொறுப்பு" என்று மிரட்டித்தான் பாயைச் சுருட்ட வைத்தேன். அவள் இந்தப் பக்கம் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நெசமாவாக்கா?" என்று கேட்டாள். நிஜம்தான்.

"நீயும் வாயத் தொறந்து கேளு" என்றேன். "எப்படிக்கா கேப்பேன்? மண்டியில நாளெல்லாம் மூட்டை தூக்கிட்டு வராரு" என்றாள். அவள் கேட்க மாட்டாள் என்று தெரிந்தது. நானும் அவரிடம் போய்ச் சொல்ல முடியாது. ஒருவர் நம்மிடம் சொன்னதை அவர் வீட்டாரிடமே ஆனாலும் நாம் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அதில் எங்களுக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு நாக்கு துறுதுறுவென்றிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். அவரிடம் அந்தப் பெண் சொன்ன எதையும் சொல்லவில்லை. "அங்க ஒருத்தர் பொண்டாட்டியத் தூக்கித் தூக்கி முதுகு போயிடப் போவுது. நீங்க உங்க கதையச் சொல்லுங்க, போதும்" என்றேன். "எனக்கு என்ன கதை?" என்றார். பேச்சில் அவர் அப்படித்தான். வாரத்துக்கு நாலு வார்த்தை செலவழித்தால் ஐந்தாவது வார்த்தைக்கு யோசிப்பார். இவரை நம்பிப் போகிறோமே என்று எனக்கே கலக்கமாக இருந்தது.

இரண்டு பேரும் டீக்கடைக்குப் போனார்கள். நானும் அவளும் இங்கே பலகையை வைத்துக்கொண்டு கட்டிலிலிருந்து என் நாற்காலிக்கு நகர்ந்து பழகினோம். அவள் கையில் நல்ல வலு இருந்தது, மனதில்தான் அதில் பாதிகூட இல்லை. மாமியார் தன்னுடைய நாற்காலியை விட்டு இறங்காமலே, "அப்படி இல்ல, இப்படி நகரு" என்று எங்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். டீக்கடைக்குப் போனவர்கள் வர மாட்டார்கள் போலிருந்தது. ஒரு டீக்கு இவ்வளவு நேரமா, நம்ம ஆள் அவ்வளவு பேசுகிறாரா என்று எனக்கு ஆச்சரியம்.

திரும்பி வந்த மண்டிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கட்டிலருகில் போய்ச் சொம்பை எடுத்துப் பார்த்தார். காலையில் மண்டிக்குப் போகும் முன் அவரே நிரப்பி வைத்தது, நிறைந்தபடியே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"நான் இல்லாதப்ப நீ தண்ணி குடிக்கிறதில்லயா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று அவசரமாகத் தலையாட்டினேன். பிறகு அவள் புருஷனைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினாள். அந்த ஆள் அப்படியே கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "அந்த அண்ணன் ஷிஃப்டுக்குப் போறப்ப அக்கா தண்ணி குடிக்காம கெடந்தாங்களாம். அவருக்கு ரொம்ப நாளாத் தெரியவே தெரியாதாம். ஆஸ்பத்திரியில சேத்தப்புறந்தான் தெரிஞ்சுதாம்" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. "நான் ஆப்பிள் வாங்கிட்டு வந்தேன்டி."

திரும்பும் வழியில் என் வீட்டுக்காரரிடம், "என்னதான் பேசுனீங்க?" என்று துருவித் துருவிக் கேட்டேன். "முதுகு வலி பத்தி" என்றார். இன்று வரைக்கும் அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை.

அதன்பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. கொல்லைக் கழிப்பறையின் வாசல் குறுகல் என்று அவரே கடப்பாரை எடுத்து நிலையைப் பெயர்த்தார். படி இருந்த இடத்தில் சாய்வாகச் சிமெண்டு பூசினார். முதலில் பூசியது செங்குத்தாக இருந்தது. அதில் நாற்காலி இறங்கினால் நேராகப் பக்கத்து வயலில்தான் போய் நிற்கும் என்றேன். உடைத்துவிட்டு, நீளமாக மறுபடியும் பூசினார். மாமியாரிடமிருந்து நாற்காலியை வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கி வந்தபிறகு, "இதுல பிரேக்கு இல்லயே" என்ற குறையோடு மாறிக்கொண்டார்.

அவள் யார் துணையும் இல்லாமல் போய்வரப் போகிற நாளில் என்னை வரச் சொல்லியிருந்தாள். அவரும் மண்டிக்கு லீவு போட்டிருந்தார். பலகையைச் சரித்து நாற்காலிக்கு நகர்ந்தாள், பலகையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள், சக்கரத்தைத் தள்ளினாள். கூடத்தைத் தாண்டி, சாய்தளத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். அவர் இரண்டு கையையும் நீட்டியபடியே பின்னால் ஓடினார், அவருக்குப் பின்னால் நானும் மாமியாரும். "கைய எடுங்க" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. மாமியாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "போயிட்டா பாரு! எம் மருமவ போயிட்டா பாரு!" என்று பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் சொன்னார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இதை எல்லாம் தெருவுக்குச் சொல்ல வேண்டாம் என்று அடக்கினேன்.

அவர் மட்டும் கொல்லையில் கிடந்த வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லதுதாங்கக்கா" என்றார் என்னிடம். "சந்தோசந்தான். ஆனா இனிமே நான் எதுக்குன்னுதான் தெரியல." பதில் சொல்ல வேண்டியவள் கதவுக்கு உள்ளே இருந்தாள்.

கதவு திறந்தது. முகமெல்லாம் வேர்த்து, புடவையில் பாதி நனைந்து, பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி வெளியே வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றாள். அவர் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும். சக்கரத்தை உருட்டி நேராக அவர் முன்னால் போய் நிறுத்தி, பிரேக்கைப் போட்டாள்.

"ஏங்க. வேலைக்குத் தூக்கறத வுட்ருங்க" என்றாள். மாமியார் நின்றிருந்தார், நான் இருந்தேன், சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி வேறு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கையையும் அவர் பக்கம் நீட்டினாள். "சும்மாத் தூக்குங்க."

மாமியார் ஏதோ அடுப்பில் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார். நானும் போயிருக்க வேண்டும். பிரேக் போட்டு நிறுத்திய அவள் நாற்காலி சாய்தளத்தை மறித்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து, வழக்கம்போல முதுகுக்கு ஒரு கை, முட்டிக்கு அடியில் ஒரு கை கொடுத்துத் தூக்கினார். அவள் அவர் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். தூக்கியவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டில் பக்கம் பார்த்தார், கழிப்பறைப் பக்கம் பார்த்தார்.

"எங்க எறக்கி வுட?" என்று கேட்டார்.

"எங்கயும் எறக்காதீங்க" என்றாள்.